பாரிஸ் உருண்டையும் நான்டிஸ் நீளமும்

வீட்டில் கேரட் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. தழை தளதளவென்று வளர்ந்தது. ஆசையாகப் பிடுங்கினால் கீழே இரண்டு கால், மூன்று கால் விட்ட சூம்பிய வேர். சத்துப் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை கூடுதலாகத் தொழு உரம் போடுகிறார்கள். வேர் இன்னும் அதிகமாகக் கிளைக்கிறது. இரண்டு தடவை இப்படி ஆனதும், கேரட் மலைக்காய், நம் ஊருக்கு வராது என்று முடிவு கட்டி அந்தத் தொட்டியில் கீரை விதைத்துவிடுகிறார்கள். அந்த முடிவில் பாதி உண்மை இருக்கிறது; மலைக்காய்தான். ஆனால் எல்லாக் கேரட்டும் ஒரே ஆழம் கேட்பதில்லை. ஆழமில்லாத மண்ணில் விளையும் குட்டி உருண்டை ரகம் ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதை நாம் வழக்கமாக வாங்கும் நீள ரகத்தோடு வைத்து ஒப்பிட்டால், தோற்றுப்போன பல தொட்டிகளுக்குக் காரணம் விளங்கிவிடும்.

ஒப்பிட எடுத்துக்கொண்ட இரண்டுமே பிரெஞ்சு நாட்டுக் கேரட்டுகள். உருண்டையின் பெயர் ‘பாரிஸ் மார்க்கெட்’. விதை உறைகளில் ‘பாரிசியன்’, ‘அட்லஸ்’, ‘ரோமியோ’ என்று இந்த இனத்தின் தேர்வுகள் வெவ்வேறு பெயரில் வரும். அமெரிக்காவில் ‘தம்பெலினா’ என்ற உருண்டை ரகம் 1992-இல் ‘ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ விருது பெற்று வீட்டுத் தோட்டங்களில் பரவியது. இவற்றின் குறுக்களவு 2.5 முதல் 4 செ.மீ. வரை. அதற்கு மேல் பெருக்கவிட்டால் வெடிக்கும், அல்லது நார் தட்டும். நீளத்துக்கு ‘நான்டிஸ்’ ரகத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் விதைக் கடைகளில் குரோடாவும் கிடைக்கிறது. ஆனால் ருசியில் கேரட்டுக்கே அளவுகோலாகச் சொல்லப்படுவது நான்டிஸ்தான். 15 முதல் 18 செ.மீ. நீளம், மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே பருமன், மழுங்கிய நுனி, வழவழப்பான தோல். நடுத்தண்டு மெலிந்து, சுற்றுச் சதையின் நிறத்திலேயே இருக்கும்.

இந்த இரண்டு வடிவங்களும் எங்கே உருவாயின என்று பார்ப்பது வெறும் வரலாற்று ஆசைக்காக அல்ல. அந்த இடங்களின் மண்தான் இவற்றின் குணம்.

19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தன் காய்கறியைத் தன் எல்லைக்குள்ளும் ஓரத்திலும் விளைவித்துக்கொண்ட நகரம். சுவர் வைத்த சிறு சிறு தோட்டங்களில் குடும்பம் குடும்பமாக உழைத்த தோட்டக்காரர்களுக்கு அங்கே ‘மராஷே’ என்று பெயர். அவர்களில் மொரோ, தாவெர்ன் என்ற இருவர் 1845-இல் தங்கள் தொழில் முறைகளை ஒரு கையேடாகவே எழுதி வெளியிட்டார்கள். அந்தத் தொழிலின் அடிப்படை குதிரைச் சாணம். நகரத்தின் வண்டிக் குதிரைகள் நின்ற லாயங்களிலிருந்து வைக்கோலோடு கலந்த சாணத்தை வாரிவந்து, குளிர்காலத்தில் கெட்டியாக மிதித்துப் பாத்தியாக அடுக்குவார்கள். அது புளித்துச் சூடேறும். அதன்மேல் மக்கிய பழைய எருவைச் சில அங்குலம் பரப்பி, கண்ணாடிச் சட்டம் போட்டு மூடி, வெளியே உறைபனி கொட்டும்போதே உள்ளே விதைப்பார்கள்.

அந்தப் பாத்தியில் விதைத்த வரிசையைப் பாருங்கள். முள்ளங்கி விதையும் கேரட் விதையும் கலந்து தூவுவார்கள். அதே பாத்தியில் இடைவெளி விட்டு லெட்யூஸ் நாற்று நடுவார்கள். முள்ளங்கி முதலில் தயாராகி வெளியேறும். அடுத்து லெட்யூஸ். அவை விட்டுச்சென்ற இடத்தில் கேரட் பெருக்கும். ஒரே சூட்டில், ஒரே கண்ணாடிக்குக் கீழே மூன்று அறுவடை. இப்படிப்பட்ட பாத்தியில் நீளக் கேரட்டுக்கு இடமே இல்லை. மேலே சில அங்குலம்தான் மண், அதற்குக் கீழே கொதிக்கும் சாணம். ஆழமாக இறங்கும் வேர் அழுகித்தான் போகும். மாதக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது, சாணத்தின் சூடு தணிந்துவிடும். எனவே குட்டையான, சீக்கிரம் திரளும் வேர்களையே அவர்கள் நாடினார்கள். பாரிசின் புகழ்பெற்ற விதை நிறுவனமான வில்மோரின் 1883-இல் வெளியிட்ட காய்கறி நூலில், கண்ணாடிச் சட்டத்துக்கான மிகக் குட்டைக் கேரட் என்றே ஒரு ரகம் தனியாக விவரிக்கப்பட்டிருக்கிறது. இன்று நாம் தொட்டியில் வளர்க்க நினைக்கும் உருண்டைக் கேரட் இந்தக் குட்டைக் கூட்டத்தைச் சேர்ந்தது. மாடித் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்வரலாறு எந்தக் காய்க்கும் இல்லை என்பேன்: நகரத்துக்குள், குறைந்த இடத்தில், குறைந்த ஆழத்தில், அவசரமாக விளைவிக்கப்பட்ட காய் இது.

நான்டிஸ் பிறந்த இடம் வேறு. பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு கடலைச் சேரும் பகுதியில் இருக்கிறது நான்ட் நகரம். ஆறு கொண்டுவந்து சேர்த்த மணற்பாங்கான, கல்லில்லாத, கை விட்டால் முழங்கைவரை இறங்கும் மண். கடற்காற்றில் கோடையும் கொளுத்தாது, குளிரும் கொல்லாது. அந்த மண்ணில் வேரைத் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் மேலும் கீழும் ஒரே பருமனான, உருளை போன்ற வேர் அங்கே சாத்தியமாயிற்று. குட்டையாகக் கூம்பி வரும் ‘சாந்தனே’ கேரட்டும் அதே வட்டாரத்துப் பெயர்தான். சாந்தனே என்ற அந்த ஊர் 1908-இல் நான்ட் நகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பாரிஸ், நான்ட் இரண்டுக்கும் மூலம் இன்னும் வடக்கே, நெதர்லாந்தில். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கே உருவான ஆரஞ்சு நிறக் கேரட்டுகளின் பிள்ளைகள்தான் இன்றைய மேற்கத்திய ரகங்கள் அத்தனையும். ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை பட்டணத்தின் ஒண்டுக்குடித்தனத்துக்கும், இன்னொன்று ஆற்றங்கரை நிலத்துக்கும் வாழ்க்கைப்பட்டதுபோல இரண்டும் பிரிந்துவிட்டன.

இனி மண்ணுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். கேரட் விதை முளைத்ததும் நூல் போன்ற ஆணிவேர் ஒன்று நேராகக் கீழே ஓடுகிறது. மேலே விதையிலைகளைத் தாண்டி முதல் உண்மையான இலை விரியும் நேரத்தில் அந்த நூல் பல அங்குலம் இறங்கியிருக்கும். கேரட் எவ்வளவு நீளம் வரப்போகிறது என்பது இந்த ஆரம்ப வாரங்களிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது பருமனாவதுதான்: நூலுக்குள் இருக்கும் வளர்திசு வளையம் உள்ளே நடுத்தண்டையும் வெளியே இனிப்பான சதையையும் அடுக்கடுக்காகச் சேர்க்கிறது. முதல் சில வாரங்களில் அந்த நூலின் நுனி ஒரு கல்லில் முட்டினாலோ, கெட்டியான களிமண் கட்டியில் இடித்தாலோ, மக்காத சாணத்தில் பட்டுக் கருகினாலோ, நூற்புழு கடித்தாலோ, நுனி செத்துப் பக்க வேர்கள் பொறுப்பேற்கின்றன. அவை எல்லாம் பருக்கின்றன. அதுதான் இரண்டு கால் கேரட். சேதம் முதல் மாதத்திலேயே நடந்துவிடுகிறது. நமக்குத் தெரிவது மூன்றாம் மாதம். கூடுதல் உரம் அதைத் திருத்தாது. மக்காத உரமாக இருந்தால் அதுவே காரணமாகவும் ஆகும்.

உருண்டை ரகத்துக்கும் இதே நூல்வேர் உண்டு. இது பலர் கவனிக்காதது. பிடுங்கிப் பார்த்தால் உருண்டைக்குக் கீழே எலிவால் போல மெல்லிய வேர் நீண்டு தொங்கும். நல்ல மண்ணாக இருந்தால் அது ஆழமாகவே போகும். வித்தியாசம், சேமிப்பு எங்கே நடக்கிறது என்பதில்தான். நான்டிஸ் தன் ஆணிவேரின் முதல் 15 செ.மீ. முழுவதையும் கிடங்காக்குகிறது. பாரிஸ் உருண்டை மண்ணின் மேற்பரப்பை ஒட்டிய 4 செ.மீ.க்குள் எல்லாவற்றையும் திரட்டிக்கொள்கிறது. கீழே வால் எங்கே வளைந்தாலும், எங்கே கிளைத்தாலும், மேலே கிடங்கு கெடுவதில்லை. கல் நிறைந்த மனை நிலத்திலும், காய்ந்தால் கெட்டிதட்டும் களிமண்ணிலும் உருண்டை ஒழுங்காக வருவதற்குக் காரணம் இதுதான். நம் தோட்டத்தில் மேல் 10 செ.மீ. மண்ணைப் பொலபொலப்பாக்கினால் போதும். நான்டிஸுக்கு அதே வேலையை 25, 30 செ.மீ. ஆழத்துக்குச் செய்ய வேண்டும். மேட்டுப்பாத்தி போட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்து, கல் பொறுக்கி, கட்டி உடைத்து முடிப்பதற்குள் முதுகு கேட்கும். தரைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்க்கட்டும். முக்கால் அடி தங்குதடையில்லாமல் இறங்கினால் நான்டிஸ். அதற்குள் நின்றால் உருண்டை.

தொட்டிக்கு வருவோம். இங்கேதான் ஒப்பீடு சுவையாகிறது. உருண்டை சிறியது, அதனால் விளைச்சல் குறைவு என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு பை. மேற்பரப்பு ஏறக்குறைய 700 சதுர செ.மீ. நான்டிஸுக்குச் செடிக்குச் செடி 6 செ.மீ. விட்டால் 20 செடி நிற்கும். ஒவ்வொன்றும் 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. பருமன் வந்தால் எடை 90 கிராம். மொத்தம் 1.8 கிலோ. உருண்டைக்கு 4 செ.மீ. இடைவெளி போதும், 40 செடி நிற்கும். 3.5 செ.மீ. உருண்டையின் எடை 22 கிராம். மொத்தம் 900 கிராமை ஒட்டி வரும். சரிபாதிதான். ஆனால் நான்டிஸுக்கு அந்தப் பையில் 30 செ.மீ. உயரம் மண் வேண்டும், அதாவது 21 லிட்டர். உருண்டைக்கு 15 செ.மீ. போதும், பத்தரை லிட்டர். ஒரு லிட்டர் மண்ணுக்கு விளைச்சல் என்று வகுத்தால் இரண்டுக்கும் 86 கிராம் வருகிறது! நடைமுறையில் இரண்டுமே இந்த உச்சத்தைத் தொடாது; சில முளைக்காது, சில வெடிக்கும். ஆனால் விகிதம் மாறாது. அதே மண்ணை இரண்டு பைகளாகப் பிரித்து உருண்டை போட்டால் அதே எடை கிடைக்கும்.

இந்தச் சமத்தில் நாளையும் சேர்த்தால் தராசு சாய்கிறது. உருண்டை விதைத்து 60 நாளில் பறிக்கலாம். நான்டிஸ் பைக்குள் முழுப் பருமன் அடைய 75 முதல் 85 நாள் ஆகும். சுமையையும் எண்ணிப் பாருங்கள். 21 லிட்டர் மண்கலவை ஈரத்தோடு 20 கிலோவைத் தொடும். அதை மாடிப்படியில் ஏற்றுவதும் வெயிலுக்கேற்ப இடம் மாற்றுவதும் வயதானவர்களால் ஆகாது. உருண்டைக்கு நம் கடைகளில் விற்கும் அகலமான, உயரம் குறைந்த கீரைப் பையே போதும். கீரை முடிந்த பையில் மண்ணைக் கொத்திக் கிளறி, மண்புழு உரம் இரண்டு கைப்பிடி சேர்த்து அப்படியே விதைக்கலாம்.

உருண்டைக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஆழமில்லாத மண் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காயும். காலையில் ஊற்றிய தண்ணீர் பிற்பகலுக்குள் போய்விட்டால், மறுநாள் நிறைய ஊற்றும்போது வேர் திடீரென்று உப்பி வெடிக்கிறது. கறுப்புப் பையானால் பக்கச் சுவரே அடுப்பாகிவிடும். நான்டிஸின் ஆழமான பை இந்த விஷயத்தில் பொறுமைசாலி. ஒருநாள் மறந்தாலும் கீழே ஈரம் இருக்கும். ஊருக்குப் போய்வருகிறவர்கள், ஒருவேளை மட்டும் தண்ணீர் விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உருண்டை வளர்ப்பவர்கள் வெள்ளைப் பை வாங்கி, மேலே காய்ந்த இலைச் சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

விதைப்பில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை, ஆனால் கேரட் வளர்ப்பில் பலர் தோற்பது இந்தப் பத்து நாளில்தான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். ஒரு கிராமில் ஏறக்குறைய 800 விதை இருக்கும்; விரலால் எடுத்துத் தூவினால் ஓரிடத்தில் குவியும். விதையைப் போல நாலைந்து பங்கு காய்ந்த மணலில் கலந்து, அரை அங்குல ஆழத்துக்கும் குறைவாகக் கோடு கிழித்து அதில் தூவுங்கள். சலித்த தென்னைநார்க் கழிவை மேலே மெல்லியதாகப் போர்த்திப் பூவாளியால் நனையுங்கள். முளைக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். அதற்குள் ஒருநாள் மேற்பரப்பு காய்ந்து ஓடு கட்டினாலும் முளை உள்ளேயே கருகிவிடும். நனைத்த கோணியை மேலே போட்டுவைப்பது நல்ல வழி. ஆறாம் நாளிலிருந்து தினமும் காலையில் கோணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கூன் போட்ட வெளிர்பச்சைத் தண்டு இரண்டு மூன்று தலைகாட்டியதுமே கோணியை எடுத்துவிடுங்கள். ஒருநாள் தாமதித்தால் முளைகள் வெளுத்து நீண்டு, வெயில் பட்டதும் சாய்ந்துவிடும்.

பயிர் கலைப்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. நான்டிஸைக் கலைத்தே ஆக வேண்டும். கொத்தமல்லி இலை போன்ற இரண்டாம் இலை வந்ததும், நெருங்கி நிற்பவற்றில் நல்லதை விட்டு மற்றதை எடுக்க வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் நூல்வேரும் அசைந்து அறும். சிறு கத்தரிக்கோலால் மண்ணோடு மண்ணாகக் கழுத்தை வெட்டுவதே சரி. கையால் விதைத்தவருக்கு முளைத்ததை வெட்ட மனசு வராது. வராதவர்களுக்கு விரல் பருமன்கூட வராத கேரட்தான் கிடைக்கும். உருண்டை இதில் தாராளம். மூன்று நான்கு விதை ஒரே குழியில் முளைத்தாலும் அப்படியே விட்டுவிடலாம். திரளும்போது ஒன்றையொன்று தோளால் தள்ளி, மண்ணின் மேற்பரப்பில் வட்டமாக விலகி உட்கார்ந்துகொள்ளும். இதனால் நீளக் கேரட்டுக்குச் செய்யவே கூடாத ஒரு காரியத்தை உருண்டைக்குச் செய்யலாம்: குழித்தட்டில் குழிக்கு நாலைந்து விதையாகப் போட்டு, வேர் குழியின் அடியைத் தொட்டுச் சுருளுவதற்கு முன்பே மண் உதிராமல் கொத்தாக எடுத்துத் தொட்டியில் நடுவது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். முளைக்கும் நாட்களில் எறும்பும் மழையும் விதையைக் கொண்டுபோய்விடுகிற நம் ஊரில் இந்த வசதி சாதாரணமானதல்ல.

கொத்தாக நிற்கும் உருண்டைக்கு ஒரு வேலை மட்டும் தப்பாமல் செய்ய வேண்டும். திரளத் திரள அவற்றின் தோள் மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வெயில் பட்ட தோள் பச்சையாகிக் கசக்கும். வாரம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரத்தை அதன்மேல் போட்டு மண் அணைத்தால் போதும். நான்டிஸ் பெரும்பாலும் தன்னை மண்ணுக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். அதற்கு இந்தக் கவனிப்பு அவ்வளவாக வேண்டாம். உரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதி: தழைச்சத்து அதிகமானால் தழைதான் வரும். நன்றாக மக்கிய உரத்தை விதைக்கும் முன்பே கலந்துவிட்டு, பிறகு ஒருமுறை விறகுச் சாம்பல் சிறிது தூவினால் சாம்பல்சத்துக்கு ஆகும்.

இப்போது தமிழ்நாட்டுச் சமவெளிக்காரர்கள் கேட்கும் கேள்வி: வெயில்? கேரட் வேர் நன்றாகத் திரள்வதும் நிறம் ஏறுவதும் 15 முதல் 21 டிகிரி செல்சியஸில். அதைத் தாண்டி வெப்பம் ஏற ஏற நீள ரகங்கள் குட்டையாகவும் மொத்தையாகவும் மாறுகின்றன, நிறம் வெளுக்கிறது, மருந்து வாடை கலந்த காரம் கூடுகிறது. சென்னையில் ஜனவரி மாதத்திலேயே பகல் வெப்பம் 29, 30 டிகிரி. இரவில்தான் 21-ஐ ஒட்டி இறங்கும். ஆக, நமக்குக் கிடைக்கும் குளிர் என்பது குறுகிய ஒரு சன்னல். ஐப்பசி அடைமழையில் விதைத்தால் விதை கரைந்துபோகும். கார்த்திகை பாதியில் மழை ஓய்ந்த பிறகே விதைக்க முடியும். டிசம்பர் முதல் வாரம் விதைத்தால் உருண்டை பிப்ரவரி தொடக்கத்தில் கைக்கு வந்துவிடும், வெயில் முறுக்கேறுவதற்கு முன்பே. நான்டிஸ் அதே நாளில் விதைத்தால் பருமனாகும் கடைசி வாரங்கள், அதாவது இனிப்பு ஏற வேண்டிய வாரங்கள், பிப்ரவரி பிற்பாதி வெயிலில் மாட்டிக்கொள்கின்றன. சமவெளியில் உருண்டையை நான் முதலில் பரிந்துரைப்பதற்கு மண்ணின் ஆழத்தைவிடவும் இதுவே பெரிய காரணம். கோயம்புத்தூர், ஓசூர், தேனி மலையடிவாரம் போன்ற இடங்களில் இரவு இன்னும் குளிரும்; அங்கே நல்ல ஆழமான பையில் நான்டிஸையும் துணிந்து முயலலாம்.

மலையில் கணக்கே வேறு. நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில், சரிவுகளில் படிப்படியாக அமைந்த பாத்திகளில் ஆண்டு முழுக்கக் கேரட் நிற்கிறது. கேத்தி பாலாடாவில் இயந்திரங்களில் கழுவி மூட்டையாகும் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி அங்கிருந்து ஊர் ஊராகப் போகிறது. அந்தக் குளிரிலும், அந்தப் பொலபொலப்பான மண்ணிலும் நீளக் கேரட் விளையும்போது உருண்டைக்கு அங்கே அவசியமில்லை. மண்டியிலும் அது விலைபோகாது: கழுவவும், தரம் பிரிக்கவும், கட்டுக் கட்டவும் நீள வடிவமே தோது. வணிக வயலில் உருண்டைக்கு இடமிருப்பது ஐரோப்பாவில் முழுசாக டப்பாவில் அடைக்கவும் உறையவைக்கவும் விளைவிக்கிற பண்ணைகளில்தான்.

ஒரு குழப்பத்தையும் இந்த இடத்தில் தீர்த்துவிடுவது நல்லது. பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பையில் விற்கும் ‘பேபி கேரட்’ இந்த உருண்டை அல்ல. தனி ரகமும் அல்ல. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் கேரட் விளைவித்த மைக் யூரோசெக் என்பவர், வளைந்தும் உடைந்தும் கழிக்கப்பட்ட நீளக் கேரட்டுகளை வீணாக்க மனமில்லாமல் துண்டாக வெட்டி, தோல் சீவி, முனை மழுக்கி 1986-இல் விற்கத் தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் அது. வீட்டில் விதைத்து அதைப் பெற முடியாது. உருண்டைக் கேரட் தன் தோலோடு, தன் வாலோடு, தானாகவே சிறியதாக இருப்பது.

அடுப்பங்கரையில் எனக்கு இரண்டும் வேண்டும். ருசியில் நான்டிஸ்தான் மேல், அதில் ஐயமில்லை. பச்சையாகக் கடித்தால் மொறுமொறுப்பும் சாறும் இனிப்பும் ஒன்றுசேர வரும். துருவலுக்கும் அல்வாவுக்கும் சீவிப் போடும் பொரியலுக்கும் நீளமே வசதி. உருண்டையைத் துருவப் போனால் துருவல் பல்லில் விரல்தான் படும். தோலைச் சீவுவதும் வீண். 2.5 செ.மீ. உருண்டையில் ஒரு மி.மீ. தோல் சீவினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் சாம்பாரில் சின்ன வெங்காயத்தோடு முழுசாக விழுந்து, உடையாமல், குழையாமல் வெந்து வரும் உருண்டைக் கேரட்டின் அழகு நான்டிஸ் துண்டுகளுக்கு வராது. குருமாவிலும், பட்டாணியோடு சேர்த்து நெய்யில் வதக்கியும் அது சிறக்கிறது. இளசாகப் பறித்தால் இனிப்பும் குறைவில்லை. பறிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால்தான் ருசி சரிகிறது. நான்டிஸ் பத்து நாள் மண்ணிலேயே காத்திருக்கும், உருண்டை காத்திருக்காது.

விதையை நாமே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேரட் இரண்டு பருவப் பயிர். முதல் பருவத்தில் வேர், அடுத்ததில் பூ. ஐரோப்பிய ரகங்கள் பூப்பதற்குப் பல வாரம் கடுங்குளிர் பட வேண்டும். சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. எனவே இரண்டுக்குமே விதையை வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது உறையிலுள்ள தேதியைப் பாருங்கள். கேரட் விதையின் முளைப்புத் திறன் மூன்று ஆண்டுக்குப் பிறகு வேகமாக விழுந்துவிடும். பழைய விதையைப் போட்டுவிட்டு மண்ணைக் குறை சொல்வதில் பயனில்லை.

என் தீர்ப்பு இது. மலையிலோ, மணற்பாங்கான ஆழமான மண்ணிலோ இடம் இருப்பவர்கள் நான்டிஸ் போடுங்கள். அந்த ருசியை உருண்டையால் தர முடியாது. மாடி, பால்கனி, களிமண் மனை, கல்லாந்தரை, குறுகிய குளிர்காலம் என்று இவற்றில் ஏதாவது ஒன்றோடு வாழ்கிறவர்கள் உருண்டையில் தொடங்குங்கள். கேரட்டில் தோற்றுக் கீரைக்குப் போனவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கீரைப் பைகளில் ஒன்றை மட்டும் வரும் கார்த்திகைக்கு ஒதுக்கிவையுங்கள். நன்கு சலித்த மண், ஒரு பொட்டலம் புது உருண்டை விதை, தினம் இருவேளை தண்ணீர் போதும். தை முடிந்து மாசி பிறப்பதற்குள் உங்கள் வீட்டுச் சாம்பாரில் அது விழும்.